அமனிடின் போட்டும் ஒன்றும் குறையவில்லையா? டோஸைக் கூட்டாதீர்கள்

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வில் முதல் வருடம். எங்கள் ஆய்வகத்தில் புதிதாகக் கிடைத்த ஒரு நீளமான ஆர்என்ஏ இருக்கிறது, சுமார் 2,300 எழுத்து, புரதம் எதுவும் தராது. அதை எந்தப் பாலிமரேஸ் (டிஎன்ஏவைப் படித்து ஆர்என்ஏ செய்யும் நொதி, செல்லில் 1, 2, 3 என்று மூன்று உண்டு) படியெடுக்கிறது என்று பார்க்கச் சொல்லி, பாலிமரேஸைத் தடுக்கும் காளான் விஷமான ஆல்ஃபா அமனிடினை வழிகாட்டி வாங்கிக் கொடுத்தார். மனித செல் வளர்ப்பில் மில்லிக்கு 2 மைக்ரோகிராம் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து, ஆர்என்ஏ எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் க்யூபிசிஆர் செய்தேன். எல்லோரும் அளவுகோலாக வைக்கிற ஜிஏபிடிஹெச் மரபணுவின் ஆர்என்ஏவோடு ஒப்பிட்டால் என் ஆர்என்ஏ குறையவே இல்லை. அப்படியானால் அது பாலிமரேஸ் 3 செய்வதா? டோஸை 50 மடங்கு கூட்டிப் பார்க்கலாமா? இன்னொன்று, அமனிடின் ஸ்டாக் (அடர்த்தியான மூலக் கரைசல்) கரைக்கும்போது கையுறை மேல் ஒரு சொட்டு விழுந்தது. உடனே கழற்றி எறிந்துவிட்டு கை கழுவினேன். பத்து நாள் ஆகிறது, உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. வீட்டில் சொன்னால் படிப்பையே நிறுத்தச் சொல்வார்கள்.

பதில்:

முதலில் அந்தச் சொட்டைப் பற்றிப் பேசிவிடலாம், இல்லாவிட்டால் கீழே நான் எழுதும் எதுவும் உங்கள் மனதில் ஏறாது. ஸ்டாக் மில்லிக்கு 1 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம், பொதுவாக அப்படித்தான் கரைப்பார்கள். ஒரு பெரிய சொட்டு என்றால் 50 மைக்ரோலிட்டர், அதில் இருப்பது 50 மைக்ரோகிராம். மனிதருக்கு உயிராபத்தான அளவு என்று சொல்லப்படுவது உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிகிராம், அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு 5 மில்லிகிராம். உங்கள் சொட்டில் இருந்தது அதில் நூறில் ஒரு பங்கு, அதுவும் வயிற்றுக்குள் போகவில்லை, கையுறை மேல் விழுந்தது, கையுறையும் உடனே போய்விட்டது. காயமில்லாத தோல் வழியாக இது சுலபமாக உள்ளே போகிற பொருளும் அல்ல. இந்த விஷம் கல்லீரலைத் தொட்டிருந்தால் இரண்டு மூன்று நாளிலேயே தெரிந்திருக்கும். பத்து நாள் கழித்து நன்றாக இருக்கிறீர்கள் என்றால் அந்தச் சொட்டு உங்களை ஒன்றும் செய்யவில்லை. நான் மூலக்கூறு உயிரியல்காரி, மருத்துவர் அல்ல, ஆகவே மனது ஆறவில்லை என்றால் ஒரு தடவை கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் பயம் அர்த்தமில்லாதது என்று சொல்ல மாட்டேன். பயப்பட வேண்டிய பொருள்தான், பயப்பட வேண்டிய இடம்தான் வேறு.

அமனிடா ஃபலாய்டஸ் என்ற காளான், ஆங்கிலத்தில் டெத் கேப் என்பார்கள், பார்க்க வெகு சாதாரணமாக இருக்கும், லேசான பச்சையோடிய தொப்பி, தொப்பியின் கீழ்ப்பக்கம் வெள்ளை மடிப்புகள், தண்டின் அடியில் கிண்ணம் மாதிரி ஒரு உறை. நன்றாக வளர்ந்த ஒரே ஒரு காளானில் ஒரு பெரியவரைக் கொல்லும் அளவு அமனிடின் இருக்கும். வேக வைத்தாலும் வறுத்தாலும் காய வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவர்களுக்கு முதல் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் எதுவுமே தெரியாது. அப்புறம் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு. அது ஒரு நாளில் அடங்கும், நோயாளி எழுந்து உட்கார்ந்து சரியாகிவிட்டது என்று நினைப்பார், சில சமயம் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் கல்லீரல் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள், நான்காம் நாள் மஞ்சள் பூத்து மறுபடி வரும்போது கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை தவிர வேறு வழி இல்லாமல் போவதும் உண்டு. சிலிபினின், அசிட்டைல்சிஸ்டீன் எல்லாம் கொடுக்கிறார்கள், சீக்கிரம் கொடுத்தால் பலன் கூடும், ஆனால் நிச்சயமான மாற்று மருந்து என்று ஒன்று இன்னும் கைக்கு வரவில்லை.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உங்களைப் பயமுறுத்துவது அல்ல. இது தாமதமாக வேலை செய்கிற விஷம். அந்தத் தாமதம் ஏன் வருகிறது என்று புரிந்தால் உங்கள் க்யூபிசிஆர் ஏன் அப்படி வந்தது என்பதும் அதே மூச்சில் புரிந்துவிடும்.

அமனிடின் செல்லில் எதையும் உடைப்பதில்லை. எட்டு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்து, நடுவில் குறுக்கே ஒரு பாலம் போட்ட சின்ன மூலக்கூறு அது, நிறை ஏறத்தாழ 919. அது போய் உட்காருவது ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 என்ற நொதிக்குள், டிஎன்ஏவைப் படித்துக்கொண்டே நகர்வதற்காக வளைந்து நிமிரும் ஒரு சுருள் இருக்கிறதே, அதற்கு அடியில். ரோஜர் கோர்ன்பெர்க் குழு 2002இல் இதைப் படிகமாக்கிப் படமே எடுத்துக் காட்டியது. சக்கரத்துக்கு அடியில் கல் வைத்த மாதிரி. நொதி உடையவில்லை, டிஎன்ஏவை விட்டு விலகவும் இல்லை, ஒரு எழுத்தைச் சேர்க்கும் வேதிவினையைக்கூடச் செய்கிறது, ஆனால் அடுத்த எழுத்துக்கு நகர முடியவில்லை. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான எழுத்து ஓடியது, விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடுகிறது.

சரி, நின்று போனது புதிய எம்ஆர்என்ஏ (புரதம் செய்யச் செல் படிக்கிற ஆர்என்ஏ) உற்பத்தி. ஏற்கெனவே செய்து வைத்த எம்ஆர்என்ஏ? அது அப்படியே இருக்கிறது. அதிலிருந்து செய்த புரதமும் இருக்கிறது. கையிருப்பு தீரும் வரை செல் வழக்கம்போல் வேலை செய்யும். காளான் சாப்பிட்டவருக்கு முதல் பல மணி நேரம் எதுவும் தெரியாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்கள் தட்டில் இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் தெரியாமல் போனதும் இதனால்தான்.

அதற்கும் முன்னால் இன்னொரு தாமதம் இருக்கிறது. அமனிடின் செல் சவ்வைத் தானாக ஊடுருவிப் போவது மிக மெதுவாக. கல்லீரல் செல்லில் ஓஏடிபி1பி3 என்ற கடத்திப் புரதம் அதை உள்ளே இழுத்துவிடுகிறது, அதனால்தான் விஷம் கல்லீரலில் போய் விழுகிறது. ஆய்வகத்தில் வழக்கமாக வளர்க்கும் செல்கள் பலவற்றில் அந்தக் கதவு கிடையாது. செல் வளர்கிற திரவ ஊடகத்தில் மில்லிக்கு 2 மைக்ரோகிராம் இருக்கிறது என்பதால் செல்லுக்குள்ளும் அவ்வளவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் நீங்கள் அளந்தது பெரும்பாலும் விஷமே போய்ச் சேராத செல்லைத்தான்.

இப்போது ஜிஏபிடிஹெச். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கிய வரி இதுதான், ஏனென்றால் இதே தவறு செய்த எத்தனையோ பேரின் நோட்டைப் பார்த்திருக்கிறேன், கெட்டிக்காரர்களும் இதில் விழுகிறார்கள். ஜிஏபிடிஹெச் எம்ஆர்என்ஏவையும் படியெடுப்பது பாலிமரேஸ் 2தான். நீங்கள் நிறுத்த நினைக்கிற இயந்திரத்தின் பொருளையே அளவுகோலாக வைத்திருக்கிறீர்கள். நாளைக்கு 12 மணி நேரம் விட்டுப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆர்என்ஏவின் சிடி (எத்தனையாவது சுழற்சியில் அது தெரிகிறது என்ற எண், ஒன்று கூடினால் அளவு பாதி என்று பொருள்) 24இலிருந்து 26 ஆகிறது, ஜிஏபிடிஹெச் 16இலிருந்து 18 ஆகிறது. கழித்துப் பார்த்தால் முன்பும் 8, பின்பும் 8. இரண்டும் நான்கில் ஒரு பங்காகச் சரிந்திருக்கும்போது உங்கள் வரைபடம் மாற்றமே இல்லை என்று சாதிக்கும்.

ஆகவே அளவுகோலை மாற்றுங்கள். பாலிமரேஸ் 1 தருகிற 18எஸ் ஆர்ஆர்என்ஏ (ரைபோசோமில் இருக்கும் ஆர்என்ஏ), அல்லது பாலிமரேஸ் 3 தருகிற 7எஸ்கே, இரண்டும் நீண்ட நேரம் நிலைக்கும். 18எஸ் ஏராளமாக இருப்பதால் சிடி மிகவும் முன்னால் வந்துவிடும், சிடிஎன்ஏவை (ஆர்என்ஏவிலிருந்து எடுத்த டிஎன்ஏ நகல்) நன்றாக நீர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை மறக்கவே கூடாது: சிடிஎன்ஏ செய்ய, ஏ வாலில் ஒட்டி நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் ஒலிகோ டிடி ப்ரைமர் போட்டிருந்தால் இந்த இரண்டுக்கும் ஏ வால் இல்லாததால் அவை சரியாகப் படியாகாது, வருகிற எண்ணை நம்பவும் முடியாது. எங்கு வேண்டுமானாலும் ஒட்டும் ரேண்டம் ஹெக்ஸமர் ப்ரைமருக்கு மாறுங்கள். இதைவிட நல்ல வழி, செல்லை எண்ணி எடுத்து, உடைக்கிற கரைசலிலேயே வெளியிலிருந்து ஒரு அந்நிய ஆர்என்ஏவைக் குறிப்பிட்ட அளவு சேர்த்துவிடுவது. அதைப் பாலிமரேஸ் எதுவும் தொடாது, அதனால் அளவுகோல் அசையாது.

அப்புறம் விஷம் வேலை செய்ததா என்பதற்கு உங்களிடம் சாட்சியே இல்லை. மிக் (MYC) என்ற மரபணுவின் எம்ஆர்என்ஏவை அளங்கள், அதன் அரை ஆயுள் அரை மணி நேரத்துக்கும் குறைவு, உற்பத்தி நின்றால் அது முதலில் காட்டிக்கொடுக்கும். இன்ட்ரானுக்குள் (எம்ஆர்என்ஏ தயாராகும்போது வெட்டி எறியப்படும் பகுதி) ப்ரைமர் வைத்து வெட்டி ஒட்டப்படாத எம்ஆர்என்ஏவை அளப்பது அதைவிட நேரடியான சோதனை, ஆனால் இன்ட்ரான் ப்ரைமர் மரபணு டிஎன்ஏவிலும் அழகாக வேலை செய்யும், ஆகவே டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் போட்டே ஆக வேண்டும், சிடிஎன்ஏ செய்யும் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாய் ஒன்றும் கூடவே ஓட வேண்டும். முடிந்தால் ஆர்பிபி1 புரதத்துக்கு ஒரு வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) போடுங்கள். அது பாலிமரேஸ் 2இன் மிகப் பெரிய துண்டு, அமனிடின் ஒட்டிய பிறகு செல் அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். 2, 4, 8, 12 மணி நேரம் என்று நான்கு பாதையில் அந்தப் பட்டை மங்கிக்கொண்டே வருவதைப் பார்த்தீர்கள் என்றால் விஷம் உள்ளே போன நேரம் உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும், அதன் பிறகு உங்கள் ஆர்என்ஏவைப் பற்றி யார் கேட்டாலும் தைரியமாகப் பேசலாம்.

50 மடங்கு வேண்டவே வேண்டாம். பாலூட்டி செல்களில் பாலிமரேஸ் 2 மிகக் குறைந்த அளவிலேயே நின்றுவிடும், பாலிமரேஸ் 3 நிற்க அதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேண்டும், பாலிமரேஸ் 1 எவ்வளவு போட்டாலும் அசையாது. இந்த இடைவெளிதான் உங்கள் சோதனையின் உயிர். மில்லிக்கு 100 மைக்ரோகிராம் போட்டால் அந்த இடைவெளியை நீங்களே அழிக்கிறீர்கள், பாலிமரேஸ் 3க்கும் அடி விழும், செல்லும் சாகத் தொடங்கும், சாகிற செல்லில் எல்லா ஆர்என்ஏவும் குறையும், எந்த எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது. கையில் தேவையில்லாமல் நிறைய விஷத்தையும் வைத்துக்கொண்டு நிற்பீர்கள். கூட்ட வேண்டியது நேரத்தை. அதற்கும் எல்லை உண்டு, ஒரு நாள் தாண்டினால் செத்துக்கொண்டிருக்கும் செல்லைத்தான் அளப்பீர்கள்.

அதிக அளவு போட்டே ஆக வேண்டும் என்றால் அதற்கான இடம் உயிருள்ள செல் அல்ல, செல்லிலிருந்து பிரித்தெடுத்த நியூக்ளியஸ் (உட்கரு). அங்கே வெளிச் சவ்வு குறுக்கே இல்லை, தாமதம் இல்லை. ஒரு குழாயில் விஷம் இல்லை, ஒன்றில் மில்லிக்கு 2 மைக்ரோகிராம், ஒன்றில் 200. புதிதாகச் சேர்கிற அடையாளமிட்ட யூரிடினை மட்டும் பிடித்து அளப்பீர்கள், பழைய கையிருப்பு கணக்கிலேயே வராது. 2இலேயே நின்றால் பாலிமரேஸ் 2. 2இல் ஓடி 200இல் நின்றால் 3. இரண்டிலும் ஓடினால் 1. நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில் தரக்கூடிய சோதனை இது. உங்கள் வழிகாட்டி முதலில் இதைச் சொல்லியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தச் சோதனையின் வேர் 1969இல் இருக்கிறது. ராபர்ட் ரோடரும் வில்லியம் ரட்டரும் கடல் முள்ளெலிக் கருவிலிருந்தும் எலிக் கல்லீரலிலிருந்தும் எடுத்த சாற்றை, புரதங்களைப் பிரிக்கும் ஒரு குழாய்ப் பத்தியில் ஓடவிட்டபோது, ஒன்று என்று எல்லோரும் நினைத்திருந்த ஆர்என்ஏ பாலிமரேஸ் மூன்று மேடாகப் பிரிந்து வந்தது. வெளியே வந்த வரிசையிலேயே 1, 2, 3 என்று பெயர். அடுத்த வருடமே அதில் அமனிடினைப் போட்டுப் பார்த்தார்கள், பிரான்சில் பியர் ஷாம்போன் குழுவும் தனியாக இதையே கண்டது: நடு மேடு மட்டும் மறைந்தது, முதல் மேடு அப்படியே நின்றது. எனக்கு இது இன்றைக்கும் சிலிர்ப்பான விஷயம். காட்டில் ஒரு காளான் தன் பாட்டுக்குச் செய்துகொண்ட பொருள், மனிதன் கண்டறியப் பல காலம் எடுத்த ஒரு வித்தியாசத்தை அவ்வளவு துல்லியமாக அறிந்து வைத்திருந்தது. அதே விஷத்தை வைத்துத்தான் 2004இல் மைக்ரோஆர்என்ஏக்களைப் பாலிமரேஸ் 2 படியெடுக்கிறது என்று காட்டினார்கள். எலிக் கரு இரண்டு செல் நிலையைத் தாண்டத் தன் சொந்த மரபணுக்களை இயக்க வேண்டும் என்று தெரிந்ததிலும் இதற்குப் பங்கு உண்டு, அமனிடின் போட்டால் கரு அங்கேயே நின்றுவிடும். உங்கள் பக்கத்து மேசையில் யாராவது ஃபலாய்டின் போட்டு ஆக்டின் இழைகளைப் பளிச்சென்று ஒளிரவைத்துக் கொண்டிருந்தால், அதுவும் இதே காளானிலிருந்து வந்ததுதான். அது 1937இல் பிரித்தெடுக்கப்பட்டது, அமனிடின் 1941இல், இரண்டும் ஹைன்ரிக் வீலாண்ட் என்ற ஜெர்மன் வேதியியலாளரின் வட்டத்தில். ஃபலாய்டின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, காளான் சாப்பிட்டவரைக் கொல்வது அமனிடின்.

உங்கள் ஆர்என்ஏவுக்கு வருகிறேன். சோதனை போடுவதற்கு முன்னாலேயே வரிசையை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். பாலிமரேஸ் 3 பொதுவாகச் சின்னச் சின்ன ஆர்என்ஏக்களைத்தான் தரும், தொடர்ச்சியாக நான்கு ஐந்து டி எழுத்து வந்தால் அங்கேயே முடித்துக்கொண்டு போய்விடும். 2,300 எழுத்து வரிசையில் டிடிடிடி ஒரு தடவைகூட வராமல் இருப்பது அபூர்வம். நடுவில் பல இடத்தில் அது இருந்து, கடைசியில் ஏ வாலும் இருந்தால், நான் இப்போதே பாலிமரேஸ் 2 என்றுதான் பந்தயம் கட்டுவேன். உங்கள் ஆர்என்ஏ குறையாமல் போனதற்கு அது நீண்ட நாள் வாழும் ஆர்என்ஏ என்பதே போதுமான விளக்கமாக இருக்கலாம். கூடவே டிரிப்டோலைட் என்ற இன்னொரு தடுப்பானையும் ஓட்டிப் பாருங்கள், அது வேறு இடத்தில், எக்ஸ்பிபி என்ற புரதத்தில் அடிக்கிறது, வேகமாக உள்ளே போகிறது. இரண்டும் ஒரே பதில் சொன்னால் மதிப்பீட்டாளர் வாயடைத்துப் போவார்.

இனி கையாள்வது. பயப்பட வேண்டிய இடம் வேறு என்றேன் அல்லவா, அது இந்தக் குப்பி. 1 மில்லிகிராம் அமனிடின் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருப்பீர்கள், உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், சுவரில் எங்கோ ஒரு மெல்லிய வெள்ளைப் படலம், மூடியின் அடியில் கொஞ்சம் தூசி. அந்தத் தூசிதான் எனக்குப் பயம். திறக்கும் முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்றுச் சுற்றி அடியில் இறக்குங்கள். ஃபியூம் ஹூடுக்குள் மட்டும் திறங்கள். தராசில் நிறுக்கவே நிறுக்காதீர்கள், வந்த குப்பியிலேயே தண்ணீரை விட்டு முழுவதையும் கரையுங்கள், தண்ணீரில் நன்றாகக் கரையும். டிஎம்எஸ்ஓவில் கரைக்க வேண்டாம், தோலுக்குள் பொருளை இழுத்துச் செல்லும் குணம் அதற்கு உண்டு. சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறைய வைத்துவிட்டால் ஸ்டாக்கை அடிக்கடி திறக்க வேண்டியதில்லை. இரட்டைக் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், ஊசி சிரிஞ்சு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தோலில் சொட்டு விழுவதைவிட ஊசி குத்துவதும் கண்ணில் தெறிப்பதும் பல மடங்கு மோசம்.

கழிவு விஷயத்தில் ஒரு ஆய்வகத்தில் நான் பார்த்தது இன்னும் மனதில் உறுத்துகிறது: அமனிடின் போட்ட ஊடகத்தை ஆட்டோகிளேவ் செய்துவிட்டுச் சிங்க்கில் ஊற்றினார்கள், கிருமி செத்தால் எல்லாம் செத்தது என்ற நினைப்பு. கொதிக்கிற சட்டியில் அழியாத பொருள் ஆட்டோகிளேவில் அழியும் என்று நம்பாதீர்கள். ஊடகம், முனைகள், கையுறை எல்லாம் தனியாக, பெயர் எழுதி, எரித்து அழிக்கும் வேதிக் கழிவாகப் போக வேண்டும்.

எப்போதாவது உள்ளே போய்விட்டது என்று சந்தேகம் வந்தால், குத்தினாலும் சரி தெறித்தாலும் சரி, அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். பாதுகாப்புத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள், அமடாக்ஸின் (அமனிடின் சேர்ந்த விஷக் குடும்பத்தின் பெயர்) என்ற சொல்லை அங்கே சொல்லுங்கள். நான்கு மணி நேரம் கழித்து நன்றாக இருக்கிறேன் என்று திரும்பி வராதீர்கள், அந்த நான்கு மணி நேரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதல் வருட மாணவியின் கையில் இந்தக் குப்பியைக் கொடுத்துவிட்டு, யாரும் கூட நின்று கரைக்கக் கற்றுத்தரவில்லை என்பது எனக்குப் பிடிக்கவில்லை. வழிகாட்டியிடம் பயப்படாமல் கேளுங்கள்: எழுத்தில் ஒரு செய்முறை வேண்டும், அடுத்த தடவை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று. கேட்டால் உங்களைக் கோழை என்று யாரும் நினைக்க மாட்டார்கள், நினைத்தால் அது அவர்கள் குறை. அந்தச் சொட்டையும் ஆய்வகத்தின் விபத்துப் பதிவேட்டில் தேதியோடு எழுதிவிடுங்கள். வீட்டுக்கும் சொல்லுங்கள், ஆனால் வெறுமனே விஷம் பட்டது என்று சொல்லாமல், எவ்வளவு பட்டது, எத்தனை நாள் ஆயிற்று, இனி எப்படிச் செய்யப் போகிறேன் என்று எண்ணோடு சொல்லுங்கள். எண்ணோடு பேசுகிற பிள்ளையை வீட்டார் நம்புவார்கள்.

அடுத்த சோதனையில் மிக் சரிந்து, 18எஸ் அசையாமல் இருந்து, உங்கள் ஆர்என்ஏ இன்னும் நிமிர்ந்து நின்றால் அந்த எண்களை அப்படியே எனக்கு எழுதுங்கள். அப்போது நியூக்ளியஸ் சோதனையை எப்படி அமைப்பது என்று சேர்ந்து உட்கார்ந்து யோசிப்போம்.